கேட்டுல கட்டின துணி

டீச்சர், அசையாமப் படுங்க. மண்ணு சரிஞ்சு போச்சுன்னா அந்தப் புள்ள வந்து மறுபடியும் மொதல்ல இருந்து அப்பிட்டுப் போகும். நேத்து எனக்கு அப்படித்தான் ஆச்சு. வயித்து மேல ஈர மண்ண வெச்சுக் கட்டிட்டு, "மனச லேசா வெச்சுக்குங்கம்மா"ன்னு சொல்லிட்டுப் போயிர்றா. சொல்றதுக்கென்ன, மாசம் பொறந்தா அவளுக்குச் சம்பளம் வந்துரும். மனச லேசா வெச்சுக்கறதுக்கு எனக்கு ஆரு சம்பளம் குடுக்கறாங்க.

அந்த ஸ்டூல் மேல இருக்கற போனக் கொஞ்சம் பாத்துக்குங்க. சத்தம் எச்சாத்தான் வெச்சிருக்கறன், இருந்தாலும் பாத்துக்குங்க. இந்த இயற்கை வைத்திய ஆஸ்பத்திரில சாயங்காலம் ஒரு மணி நேரந்தானுங்க போனக் கையில குடுக்கறாங்க. மத்த நேரமெல்லாம் ஆபீசுல பூட்டி வெச்சுக்கறாங்க, கிளாசுல பம்பரத்தப் புடுங்கி மேசைக்குள்ள போடற மாதிரி. உங்களுக்குத் தெரியாததா, நீங்களே எத்தன பம்பரம் புடுங்கியிருப்பீங்க.

நானாக் கூப்பிடக் கூடாதுங்களாம். எம்மக பிருந்தா போட்ட கண்டிசன். "ஆடிட் முடிஞ்சதும் நாங்களே கூப்பிடறோம். நீ கூப்பிட்டீன்னா இங்க ஆருக்கும் வேல ஓடாது"ங்கறா. என்ற கம்பெனிங்க அது. ஜெர்மனில இருந்து ஆள் வந்து என்ற கம்பெனில ஆடிட் பண்றான், நான் இங்க பூசணிச் சாத்தக் குடிச்சுட்டு வயித்துல மண்ணக் கட்டிட்டுப் படுத்திருக்கறன். இன்னைக்கு அவன் சரின்னு எழுதிட்டான்னா கொழந்தத் துணி ஆர்டர் மறுபடியும் வரும். இல்லைன்னு எழுதிட்டான்னா அடுத்த மாசம் பாதி மிசினுக்கு உறை போட்டு மூடோணும். டெய்லருங்க இருநூறு பேரு. இருபத்தாறு வருசத்துக் கம்பெனி, இன்னைக்கு ஒரு போன்ல நிக்குது.

பக்கத்துக் கட்டிலுக்கு வந்த அன்னைக்கே நீங்க கேட்டீங்க, எதுக்கு வந்தீங்கன்னு. நான் பிரசர்னு சொன்னன். பிரசர் இருக்குதுங்க, இல்லாம இல்ல. ஆனா அதுக்கு வரல. என்னைக் கொண்டாந்து உட்டுட்டாங்க. ஒரு கந்தத் துணிக்கு நான் இங்க வந்து படுத்திருக்கறன் டீச்சர். சிரிக்காதீங்க, மண்ணு சரிஞ்சுரும்.

எங்களுது திருப்பூர்ல பனியன் கம்பெனி. ஒரு ஷெட்டுல அஞ்சாறு மிசினப் போட்டு நானும் எங்க ஊட்டுக்காரரும் ஆரம்பிச்சது. ஆளுகளப் பாக்கறது அவரு, கணக்கும், சரக்கு வாங்கற பையருகளப் பாக்கறதும் நானு. அவரு எப்பப் பாத்தாலும் கட்டிங் டேபிள்கிட்டத்தான் நிப்பாரு, கையில டீ டம்ளரோட. எவன் வேணும்னாலும் அவருகிட்டப் போவான். "அண்ணா, கழுத்து சைஸ் தப்பாப் போச்சு"ன்னு செக்கிங் புள்ள வந்து நிப்பா. "சரி வா சாமி, பாக்கலாம்"ம்பாரு. தப்புப் பண்ணினவளத் திட்டறதில்ல, ஒண்ணுமில்ல. நான் சொல்லுவன், "உங்களுக்கு மரியாத இல்ல, அதனாலதான் சின்ன விசயத்தக் கூட உங்ககிட்டக் கொண்டாந்து கொட்டறாங்க"ன்னு. அவரு சிரிச்சுக்குவாரு.

ஆறு வருசத்துக்கு முந்தி போயிட்டாருங்க. ராத்திரி படுத்தவரு காலைல எந்திரிக்கல. டாக்டரு சொன்னாரு, ஒரு மணி, ரெண்டு மணி இருக்கும்னு. நான் பக்கத்துலதான் படுத்திருந்தன். அன்னைக்கு ஒரு பெரிய லோடு அனுப்பின அலுப்பு, நல்லாத் தூங்கிட்டேன். அவரு கூப்பிட்டாரோ என்னமோ, எனக்குத் தெரியல. நான் நல்லாத் தூங்கினனுங்க.

அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அது வேற கதை.

அதுக்கப்புறம் தூக்கம் கொஞ்சம் கொறஞ்சு போச்சு. வயசானா எல்லாருக்கும் கொறையறதுதான். நான் அதையும் வீணாக்கலீங்க. தூக்கம் வராத நேரத்துல படுத்துட்டு மோட்டுவளையப் பாத்து என்ன ஆகப் போகுது? மெயில் பாப்பன். கணக்குப் பாப்பன். மோகனுக்கு வாய்ஸ் மெசேஜ் போடுவன். மோகன்னா மோகனசுந்தரம், எங்க புரொடக்‌ஷன் மேனேஜர். எங்க ஊட்டுக்காரரு இருக்கறப்பவே சேந்த பையன், பதினாலு வருசம் ஆச்சு. என்னை அக்கான்னுதான் கூப்பிடுவான். ஒரு நாளு ஒரு மெசேஜுக்குப் பதில் போடாம இருந்ததில்ல. அது எந்நேரமா இருந்தாலும் சரி. "சரிக்கா"ன்னு வந்துரும். பாருங்க, அவனுக்கும் அக்கறைனு நான் நெனச்சன். அவம் பொண்டாட்டி ஒருதடவ என்னமோ சொன்னாளாம், போன் சத்தத்துல கொழந்த எந்திரிச்சு அழுவுதுன்னு. சத்தத்தக் கொறச்சு வெச்சுக்க வேண்டியதுதானே.

கம்பெனி வளந்துச்சுங்க. அதையும் சொல்லோணுமில்ல. அவரு இருந்தப்ப உள்நாட்டு பனியன், ஜட்டி. நான் வந்து ஜெர்மனிக்காரன் கொழந்தத் துணி புடிச்சன். எடம் ரெண்டு மடங்காச்சு. சம்பளம் ஒரு நாள் தள்ளிப் போட்டதில்ல, போனஸ் கொறச்சதில்ல. கோவம் வரும், இல்லைங்கல. வேல நடக்கோணும்னா கோவம் வரத்தான் செய்யும். ஒருதடவ டீ டம்ளரத் தூக்கி எறிஞ்சேன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லிட்டிருக்காங்க. எறிஞ்சது செவுத்து மேலைங்க. மோகன் மேல இல்ல. தெறிச்சது கொஞ்சம் பட்டிருக்கும்.

இப்ப அந்தத் துணிக்கு வர்றன்.

எங்க கேட்டுல ஒரு வாட்ச்மேன். சென்னியப்பன்னு பேரு, காங்கயத்துப் பக்கம். அவரு ஒரு பனியன் வேஸ்ட் துணிய எடுத்து கேட்டுக் கம்பில கட்டி வெப்பாரு. கட்டிங்ல மிச்சம் உழுகுமே, நீள நீளமா, அந்தத் துணி. என்ன கலர் லைன்ல ஓடுதோ அந்தக் கலர். ஒரு நாளைக்கு ரோஸ், ஒரு நாளைக்குப் பச்சை. சில நாளைக்கு இருக்காது. நானே எத்தனையோ தடவ பாத்திருக்கறன். ஒருதடவ வண்டியவிட்டு எறங்கினதும் கேட்டன், "என்னங்க இது, கேட்டுல கந்தையக் கட்டி வெச்சிருக்கறீங்க"ன்னு. "கண்ணு படாம இருக்கறதுக்குங்கம்மா"ன்னாரு. எனக்கு மனசு குளுந்து போச்சு. பாரு, வாட்ச்மேனுக்குக் கூட கம்பெனி மேல எத்தன பாசம்னு. எங்க நங்கையா, ஊட்டுக்காரரோட அக்கா, அவிய கம்பெனிலயும் ஒண்ணு கட்டச் சொன்னன். அவிய கட்டி வெச்சிருக்கறாங்க, இன்னும்.

அது கண்ணுக்கு இல்லீங்க டீச்சர். எனக்கு.

நான் தூங்காம வந்த நாளைக்கு அந்தத் துணி கட்டுவாங்களாம். மேல தையல் ஹால் சன்னல்ல இருந்து பாத்தா கேட்டு தெரியும். துணி தொங்குச்சுன்னா, "இன்னைக்கு அம்மாகிட்ட எதையும் கொண்டுட்டுப் போகாதீங்க"ன்னு அர்த்தம். துணி இல்லைன்னா போகலாம். எனக்குத் தெரியாம, என்ற கம்பெனில, என்ற கேட்டுலயே.

எப்படித் தெரிஞ்சுச்சுங்கறீங்க. அதுக்கு ஊசிக் கதையச் சொல்லோணும்.

கொழந்தத் துணிக்கு ஒரு முறை இருக்குதுங்க. தைக்கறப்ப ஊசி ஒடஞ்சா, ஒடஞ்ச துண்டெல்லாம் பொறுக்கி, ஒரு காயிதத்துல ஒட்டி, முழு ஊசி சேருதான்னு பாத்துட்டுத்தான் புது ஊசி குடுப்பாங்க. ஒரு துண்டு கிடைக்கலைன்னாலும் அந்தக் கட்டுத் துணி அத்தனையும் தனியா எடுத்து வெக்கோணும், லைன நிறுத்தோணும். கடைசியா ஒரு மிசின் இருக்குது, அதுக்குள்ள துணிய உட்டா உள்ளார ஊசி இருந்தாக் கத்தும். கொழந்த போடற துணியாச்சே, ஊசிமுனை இருந்தா என்னாகறது.

போன தீபாவளிக்கு முந்தின வாரம். பண்டிகைக்கு ஊருக்குப் போனா டெய்லருங்க திரும்பி வர பத்து நாளாகும், அதுக்குள்ள கன்டெய்னர் போயாகோணும். அப்ப பசந்தின்னு ஒரு ஒடிசாப் புள்ள, அவ மிசின்ல ஊசி ஒடஞ்சுச்சு. முனை கிடைக்கல. மோகன்கிட்ட சொன்னா. மோகன் சன்னல்ல போய்ப் பாத்தானாம். துணி தொங்குது.

அன்னைக்கு எங்க ஊட்டுக்காரரு திதி. நான் எப்படித் தூங்கியிருப்பேன், சொல்லுங்க. அடுத்த நாளும் தொங்குச்சாம். அதுக்கடுத்த நாளும். அந்த வாரம் பூராவும் சென்னியப்பன் துணிய அவுக்கவே இல்லையாம்.

மிசின் இருந்துச்சே, அதுல உட்டுப் பாக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. நானும் அதைத்தான் கேட்டன். மிசின் மூணு வாரமா ரிப்பேராம். அதைச் சொல்லவும் துணி எறங்கற நாளாப் பாத்துட்டிருந்தானாம் மோகன். அதுக்குள்ள வேற ஏதாச்சும் வந்து முந்திக்குமாம். பெரிய சேதி சொன்னா டம்ளர் பறக்கும், அதனால சின்னச் சேதியா மொதல்ல சொல்லுவானாம். இதெல்லாம் அவம் வாயால பொறகு சொன்னது. கடைசில அவனே ஒரு காந்தத்த வாங்கிட்டு வந்து அந்தக் கட்டுத் துணிய ஒவ்வொண்ணாத் தடவிப் பாத்திருக்கறான். ஒண்ணும் ஒட்டல. சரின்னு பெட்டில போட்டு அனுப்பிட்டான். கேட்டுத் துணி எறங்கினதும் அக்காகிட்டச் சொல்லிக்கலாம்னு இருந்தானாம்.

துணி எறங்கறதுக்குள்ள கன்டெய்னர் தூத்துக்குடி தாண்டிருச்சு.

ஒரு கொழந்தைக்கும் ஒண்ணும் ஆகலீங்க. அத மொதல்லயே சொல்லிர்றன். அங்க ஜெர்மனிக்காரன் குடோன்ல மிசின் கத்திருச்சு. பாத்தா கழுத்துப் பட்டிக்குள்ளார முனை. கழுத்துல டீச்சர். அவங்க போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாங்க. மஞ்சக் கலர் துணி, ஆறு மாசக் கொழந்த சைஸு. நான் அந்தப் போட்டோவ எத்தன தடவ எடுத்துப் பாத்திருப்பனோ தெரியாது. மூடி வெப்பன். திருப்பியும் எடுத்துப் பாப்பன்.

அப்புறமென்ன, ஆடிட்டுக்கு ஆள் அனுப்பிட்டாங்க. ஒரு ஜெர்மனிக்காரரு, அவருகூட மெட்ராஸ்ல இருந்து ஒரு புள்ள, தமிழ்ல கேட்டு அவருக்கு இங்கிலீசுல சொல்றதுக்கு. எல்லாரையும் மேல ஹால்ல நிக்க வெச்சு ஒவ்வொருத்தராக் கேட்டாங்க. ஊசி ஒடஞ்சத ஏன் சொல்லல. ஏன் நிறுத்தல. எல்லாரும் தலையத் தொங்கப் போட்டுட்டு நிக்கறாங்க. நானும் நிக்கறன், ஆரு பண்ணின தப்புன்னு எனக்கும் தெரியோணுமில்ல. அந்த பசந்திப் புள்ளயக் கேட்டாங்க. அவளுக்குத் தமிழ் அரைகுறை. மரியாத போட்டுப் பேசத் தெரியாது. "துணி இருக்கு. அம்மா தூங்கல. அம்மா கோவம். சொல்லக் கூடாது"ன்னா.

மெட்ராஸ் புள்ளைக்குப் புரியல. "என்ன துணி?"ன்னா. ஜெர்மனிக்காரரும் கேக்கறாரு. பசந்தி நேராப் போய் சன்னல்ல கையக் காட்டினா. நாங்க எல்லாரும் போய்ப் பாத்தம். நீலக் கலர் துணி ஒண்ணு கேட்டுல தொங்கிட்டிருந்துச்சு. அன்னைக்கும் கட்டியிருந்தாங்க.

இருநூறு பேரு. ஒருத்தரும் என்னைப் பாக்கல. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது. நேத்து வந்து சேந்த பசந்திக்குத் தெரிஞ்சிருக்குது, அவளுக்கு ஆரோ ஹிந்தில சொல்லிக் குடுத்திருக்கறாங்க. அவமானமா இருந்துச்சு. அழுகையும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு, எது மொதல்ல வந்துச்சுன்னு இப்பச் சொல்லத் தெரியல.

சென்னியப்பனக் கூப்பிட்டாங்க. மனுசன் தொப்பியக் கழட்டிக் கையில வெச்சுட்டு நிக்கறாரு. "அம்மா தூங்கலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"னு அந்த மெட்ராஸ் புள்ள கேக்குது. "காரு கதவச் சாத்தறதுலயே தெரியுமுங்க"ங்கறாரு. "தூங்கின நாளைக்கு மெதுவாச் சாத்துவாங்க. என்னப் பாத்து, சாப்டீங்களான்னு கேப்பாங்க. தூங்காத நாளைக்குக் கேக்க மாட்டாங்க." "கேக்காத நாள் எச்சா இருக்குமா, கேக்கற நாள் எச்சா இருக்குமா?"ன்னு அவ கேட்டா. அந்தாளு என்னப் பாத்தாரு.

அதோட உட்டாரா. "அம்மாவுக்கு ஒடம்புக்கு முடியலைன்னு புள்ளைகளுக்குத் தெரியோணுமில்லீங்க. ஐயா போனதுல இருந்து அம்மா தூங்கறதில்லீங்க. பாவமுங்க"ன்னு அந்த வெளியூர்க்காரப் புள்ளகிட்டச் சொல்றாரு. பாவமாம். நான் பாவமாம். என்ற சம்பளத்துல நிக்கற ஆளு, என்னைப் பாவம்ங்கறாரு, அதை அவ இங்கிலீசுல மாத்தி அந்த வெள்ளக்காரனுக்குச் சொல்றா, அவனும் என்னைப் பாவமாப் பாக்கறான்.

அன்னைக்கே அந்தாள வேலைய விட்டுத் தூக்கிட்டன். பின்ன? துணி கட்டாம இருந்திருந்தா மோகன் வந்து சொல்லியிருப்பான். சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேன். ஒரு வார்த்த போதுமே. நீங்களே சொல்லுங்க டீச்சர், ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன வந்துச்சு. நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?

ஆமாங்க, மோகன் யோசனதான் அது, துணி. அவனே ஒத்துக்கிட்டான். "உங்களத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான்க்கா மொதல்ல ஆரம்பிச்சம்"ங்கறான். தொந்தரவு பண்ணாமப் பாத்துக்கிட்ட லட்சணம் இது.

சரி, துணி போச்சு. இனிமே நேரா வந்து சொல்லுவாங்கன்னு இருந்தன். ஒருத்தரும் வரலீங்க. முன்னயாச்சும் துணி இல்லாத நாளைக்கு வந்தாங்க. இப்ப எந்த நாளும் வரல. நான் படியேறினா ஹால்ல மிசின் சத்தம் மட்டும் கேக்குது, பேச்சு நின்னு போகுது. ஒவ்வொரு மூஞ்சியும் ஒரு நொடி என்ற மூஞ்சியப் பாத்துட்டுக் குனிஞ்சுக்குது. முன்னயும் பாத்திருப்பாங்க, எனக்குத் தெரியல. தெரிஞ்ச பொறகு தாங்க முடியலீங்க. நானும் சிரிச்சுப் பாத்தன். கட்டிங் டேபிள்கிட்ட டீ டம்ளரோட போய் நின்னும் பாத்தன், அவரு மாதிரி. கட்டிங் மாஸ்டர் டம்ளரையே பாத்துட்டிருந்தாரு.

அப்பத்தான் பிருந்தா பெங்களூர்ல இருந்து வந்தா. ஏழு மாசம் அவளுக்கு. வயித்தத் தூக்கிட்டு வந்து மூணு நாள் கம்பெனில உக்காந்தா. மொத வேலையா என்ன பண்ணினா தெரியுங்களா? சென்னியப்பனத் திரும்ப வேலைக்கு வெச்சா. ரெண்டாவது, அந்த மிசினச் சரி பண்ணினா. மூணாவது, ஊசி ஒடஞ்சா டெய்லரே லைன நிறுத்திக்கலாம், ஆரையும் கேக்க வேண்டாம்னு சொல்லிட்டா. நான் கேட்டன், "அப்ப நான் எதுக்கு?"ன்னு. "அம்மா, நீ தூங்கற வரைக்கும் உங்கிட்ட ஆரும் உண்மையச் சொல்ல மாட்டாங்க. எனக்கே பயமா இருக்குது"ங்கறா. பெத்த புள்ள. அப்புறம் அந்த மஞ்சத் துணி போட்டோவ என் முன்னால வெச்சு, "இது எம் புள்ள கழுத்தா இருந்தா?"ன்னா. அடுத்த நாளே இங்க கொண்டாந்து உட்டுட்டா. எல்லாம் சரி பண்ணியாச்சான்னு பாக்க அந்த ஜெர்மனிக்காரரு மறுபடியும் வர்றாரு, அந்த ஆடிட் முடியற வரைக்கும் இங்க இருன்னு.

படிச்ச புள்ளதான். ஆனா கம்பெனின்னா என்னன்னு தெரியாது. முதலாளி தூங்கினாத் துணி தச்சுருமா? ஊசி ஒடையாதா?

இங்க வந்ததுல இருந்து தூங்கோணும்னு நானும் பாடுபடறனுங்க. அதையும் ஒரு வேலையா எடுத்துச் செய்யறன். வெந்நீர்ல கால வெக்கச் சொன்னாங்க, வெச்சன். மூச்ச எண்ணச் சொன்னாங்க, எண்ணினன். எண்ணிக்கை நீளுதே ஒழிய தூக்கம் வரல. காலைல அந்தச் சின்ன டாக்டர் வந்து "தூங்கினீங்களாம்மா?"ங்கறான். "நல்லாத் தூங்கினேன் தம்பி, ஏழு மணி நேரம்"ங்கறன். இல்லைன்னா இன்னும் ஒரு வாரம்னு எழுதி வெச்சுருவான். நீங்க அவங்கிட்ட எதுவும் சொல்லிராதீங்க. ராத்திரி நான் நடக்கற சத்தம் உங்களுக்குக் கேக்கறதில்லைன்னு எனக்குத் தெரியும். கேட்டிருந்தாச் சொல்லியிருப்பீங்களே.

இருங்க, இருங்க. அடிக்குது. எடுங்க டீச்சர், என்ற கையெல்லாம் மண்ணு. அந்தப் பச்சைய அமுக்குங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, ஆமா, அதுதான்.

மோகன், சொல்லு சாமி.

... நான் நல்லா இருக்கறன். நீ சொல்லு.

... ம்? தூங்கினேன். நல்லாத் தூங்கினேன். ஏழு மணி நேரம். டாக்டரே சொன்னாரு. நீ விசயத்தச் சொல்லு.

... அப்படியா. எழுதிக் குடுத்துட்டாரா? ... கையெழுத்துப் போட்டாரா? ... சரி. சரி. பிருந்தா எங்க? ... படுத்திருக்கறாளா, ஏன்? ... அலுப்பா. சரி, எழுப்பாத. ... நான் எங்க சாமி கோவப்படறன், மெதுவாத்தான் பேசறன். ... சரி. வெச்சுரு.

கேட்டீங்களா டீச்சர். பாஸாயிருச்சாம். சரின்னு எழுதிட்டாராம் அந்த ஜெர்மனிக்காரரு. ஆர்டர் திரும்ப வருமாம். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுக்கா, நீங்க நிம்மதியா ரெஸ்ட் எடுங்க"ங்கறான். கேட்டீங்களே, உங்களுக்கும் கேட்டுச்சே.

எனக்கு சந்தோசமா இருக்கோணும். ஆனா இல்லீங்க.

போன எடுத்ததும் அவன் என்ன கேட்டான், கவனிச்சீங்களா? மொதல்ல தூங்கினீங்களாக்கான்னுதான் கேட்டான். பாசத்துல கேக்கறான்னு நெனச்சன். நான் தூங்கினேன்னு சொன்ன பொறகுதான் பாஸாயிருச்சுன்னான். தூங்கலைன்னு சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பான்? அப்பவும் பாஸாயிருச்சுன்னுதான் சொல்லியிருப்பானா? பாஸாகலைன்னாலும் பாஸாயிருச்சுன்னு சொல்லுவானா, எனக்கு ஒடம்புக்கு ஆகாதுன்னு? பிருந்தா ஏன் போனுக்கு வரல? சாயங்காலம் படுக்கற புள்ள இல்லீங்க அவ. அழுதுட்டு இருந்திருப்பாளோ?

திரும்பக் கூப்பிட்டுக் கேக்கலாம். கேட்டா, "நெசமாத்தான்க்கா"ம்பான். சத்தியம் பண்ணச் சொன்னா அதையும் பண்ணுவான். அவன் நல்லவனுங்க. எனக்கு நல்லது பண்றதா நெனச்சுத்தான் பதினாலு வருசமா எல்லாம் பண்றான். ஆனா இந்த ஒலகத்துல ஆரக் கேட்டு நான் தெரிஞ்சுக்கறது? என்ற கம்பெனி இருக்குதா போச்சான்னு தெரிஞ்சுக்க எனக்கு ஒரு ஆள் இல்லைங்க. எனக்குப் பயமா இருக்குது டீச்சர்.

நீங்க கேட்டீங்கல்ல, அவன் கொரல. அவன் உங்களுக்கு ஆரோ, நான் உங்களுக்கு ஆரோ. உங்களுக்கு ஒளிக்க வேண்டியது ஒண்ணுமில்ல. அவன் நெசமாச் சொன்னானா?

ஆமாங்கறீங்க. நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள ஆமாங்கறீங்க.

என்னைப் பாத்துச் சொல்லுங்க. மண்ணு சரிஞ்சாச் சரியட்டும், இந்தப் பக்கம் திரும்புங்க. என்னைப் பாத்தா உங்களுக்கும் பயமா இருக்குதுங்களா?